ரீபில்ட் பாதியில் நின்ற ரெய்டு: இனி அந்த டிஸ்க்குகளில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். 2017-ல் ஒரு நண்பர் உபுண்டு லினக்ஸ் போட்டு சர்வர் ஒன்று அமைத்துக் கொடுத்தார். டெஸ்க்டாப் வகை 4 டெராபைட் டிஸ்க் நான்கு (ஏ, பி, சி, டி என்று வைத்துக்கொள்ளுங்கள்), எம்டிஆடம் என்ற மென்பொருள் மூலம் நான்கையும் ஒன்றாக்கிய ரெய்டு 5, அதன் மேல் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ஓஎஸ் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது. சுமார் 8 டெராபைட் நிரம்பியிருக்கிறது. சி டிஸ்க் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியே போயிருக்கிறது, நான் கவனித்தது போன வாரம்தான். புது டிஸ்க் போட்டு, மற்ற மூன்றை வைத்து அதை நிரப்பும் ரீபில்ட் வேலையை ஆரம்பித்தேன். 62 சதவீதத்தில் பி டிஸ்க்கும் ‘ஃபெயில்டு’ ஆகி எல்லாம் நின்றுவிட்டது. இப்போது மவுண்ட் ஆகவில்லை, ஃபைல்களைத் திறக்க முடியவில்லை. பி டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் கணக்கு) ‘பாஸ்டு’ என்றுதான் சொல்கிறது. ஒருவர் ‘கிரியேட்’ கட்டளை கொடுத்தால் வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டச் சொல்கிறார். கடைக்காரர், ரெண்டு டிஸ்க் போனா அவ்வளவுதான் சார் என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் எதையும் செய்யவில்லை. கழற்றிய பழைய சி டிஸ்க் டிராயரில் இருக்கிறது. மூன்று கல்யாண ஆல்பம் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லா டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையும் கெர்னல் லாக்கும் இணைத்திருக்கிறேன். மின்செலவு கருதி இரவில் சர்வரை அணைத்துவிடுவோம், அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். முதலில் சர்வரை ஷட்டவுன் செய்து பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தவரை, உங்கள் போட்டோக்கள் அநேகமாக முழுவதும் அந்த டிஸ்க்குகளில் பத்திரமாக இருக்கின்றன. கடைக்காரர் சொன்னது ஏட்டுப்படி சரி. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போல இயங்க வைக்கும் ஏற்பாடு. அதில் ரெய்டு 5 வகை ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ஆனால் உங்களுக்கு இரண்டு டிஸ்க் ‘போகவில்லை’. ‘ஃபெயில்டு’ என்பது லினக்ஸின் ரெய்டு அமைப்பு ஒரு டிஸ்க்கை நம்ப மறுத்து வெளியே நிறுத்தும்போது ஒட்டுகிற சீட்டு. அந்த டிஸ்க் செத்துவிட்டதா, மூச்சுத் திணறியதா என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பழைய சி டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறேன். அதன் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ம் எண் வரிசையில் பூஜ்யம், 197-ம் எண் வரிசையில் பூஜ்யம். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னஞ்சிறு கட்டங்கள்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள். இரண்டும் சுத்தமாக இருக்க, 199 மட்டும் 1,340 காட்டுகிறது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, வழியில் சிதைந்துபோன தகவல்களின் கணக்கு. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் கோளாறு என்றால் அந்த எண் இப்படி ஏறாது. சாட்டா கேபிளோ அதன் முனையோ சரியில்லை என்றால்தான் ஏறும். ஆக, நீங்கள் கழற்றி வைத்த டிஸ்க் பெரும்பாலும் நல்ல டிஸ்க். கெட்டது கேபிள். அந்த டிஸ்க்கை டிராயரிலிருந்து எடுத்து, உறையில் போட்டு, ‘பழைய சி’ என்று எழுதி பத்திரமாக வையுங்கள். பின்னால் ஒரு முக்கியமான வேலை அதற்கு இருக்கிறது.

அடுத்து பி டிஸ்க். இங்கே 197-ல் 24, சரிசெய்ய முடியாத செக்டார்களைச் சொல்லும் 198-லும் 24, 5-ல் பூஜ்யம். ஒரு செக்டார் 512 பைட் என்று டிஸ்க் வெளியே கணக்குச் சொன்னாலும், உள்ளே தட்டில் எழுதுவது 4,096 பைட்டாக. அதனால்தான் இந்த எண் பெரும்பாலும் எட்டு எட்டாக ஏறும். 24 என்றால் தட்டில் மூன்று இடம், மொத்தம் 12,288 பைட், அதாவது 12 கேபி. உங்கள் கேமராவின் ஒரு ரா ஃபைலே 25 எம்பிக்கு மேல் இருக்கும். இது இதுவரை கண்டுபிடித்த கணக்குதான். 62 சதவீதத்துக்கு அப்பால் இன்னும் இருக்கலாம்.

மூன்று இடம் படிக்க முடியாததற்காக முழு டிஸ்க்கையும் ஏன் வெளியே தள்ள வேண்டும்? பதில் உங்கள் கெர்னல் லாக்கிலேயே இருக்கிறது. ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது பாருங்கள். டெஸ்க்டாப் வகை டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் லேசில் விடாது. சில சமயம் நிமிடக்கணக்கில் மறுபடி மறுபடி முயலும். தனியாக ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும்போது அது நல்ல குணம். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு கட்டளைக்கு 30 விநாடிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் டிஸ்க் தொங்கிவிட்டது என்று நினைத்து இணைப்பை ரீசெட் செய்யும். தன் முயற்சியிலேயே மூழ்கிக் கிடக்கும் டிஸ்க் அதற்கும் பதில் சொல்லாது. கடைசியில் கெர்னல் அதைக் கைவிட, ரெய்டும் கைவிட்டுவிடும். நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்பு) சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் ஏறக்குறைய 7 விநாடியில் ‘முடியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். டெஸ்க்டாப் டிஸ்க்கில் கட்டிய ரெய்டுகள் ரீபில்டில் சரிவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இந்த 30 விநாடிதான். விலை வித்தியாசத்தைப் பார்த்து டெஸ்க்டாப் டிஸ்க் வாங்குகிற பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

‘பாஸ்டு’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்தில் நான்கு முக்கிய ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதே ஆய்வு, தட்டைத் துழாவும்போது முதல் பிழை தெரிந்துவிட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றும் சொன்னது. அறிகுறி இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. அறிகுறி வந்துவிட்டால் தாமதிக்கவும் கூடாது. உங்கள் பி டிஸ்க் இரண்டாவது வகை. அதற்கு ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. மிச்சமிருக்கும் ஓட்டத்தை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். அதன் முழுக் காப்பியை எடுப்பது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளும் ஏன் ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். நாளை இன்னொருவர் வந்து அதையே சொல்வார், அப்போது நீங்கள் உறுதியாக மறுக்க வேண்டும். ‘கிரியேட்’ என்பது பழைய ரெய்டைத் திறக்கும் கட்டளை கிடையாது, புதிதாக ஒன்றைக் கட்டும் கட்டளை. டிஸ்க்குகளின் வரிசை, சங்க் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு) அளவு, டேட்டா எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற விவரங்கள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கின்றன. கிரியேட் கொடுத்தால் அதையெல்லாம் அழித்துவிட்டு புதிதாக எழுதும். 2017-ல் இருந்த எம்டிஆடமும் இன்றைய எம்டிஆடமும் டேட்டா தொடங்கும் இடத்தை ஒரே மாதிரி வைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு விவரம் தப்பினாலும் உள்ளே இருப்பது குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினால், நல்லதைக் கெட்டது என்று நினைத்து ‘சரிசெய்து’ எழுதிவிடும். திரும்பி வரவே முடியாத நிலைக்கு ஒரு ரெய்டு போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது படியில்தான். மூன்றாவதாக ஒன்று: வெளியே போன பி டிஸ்க்கை ‘ஆட்’ கொடுத்துத் திரும்பச் சேர்க்கும் ஆசையும் வரும். அப்படிச் சேர்த்தால் ரெய்டு அதை வெற்று ஸ்பேராக, அதாவது காலியான மாற்று டிஸ்க்காக, நினைத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம். நீங்கள் எதையும் செய்யாமல் எழுதிக் கேட்டீர்களே, இதுவரை நடந்ததில் மிக நல்ல விஷயம் அதுதான்.

டிஸ்க் வேலைக்குப் போகும் முன் அந்த மூன்று கல்யாணங்களைப் பற்றி. கேமரா மெமரி கார்டுகளை இன்றே ஒதுக்கி வையுங்கள், புதிதாக ஒரு படம்கூட அவற்றில் எடுக்க வேண்டாம். ஃபார்மட் செய்த கார்டாக இருந்தாலும், மேலே புதுப் படங்கள் எழுதப்படாத இடங்களிலிருந்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுவிடும். அதையும் கார்டின் காப்பியை எடுத்து அதில் ஓட்டுவது நல்லது. ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கு எதையாவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பென்டிரைவில் கொடுத்திருப்பீர்கள், அதுவும் ஒரு காப்பிதான். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம் திரும்ப எடுக்க முடியாத பொருள். ரெய்டு திரும்புமா என்ற கேள்வியை மட்டும் நம்பி இந்த வழிகளை விட்டுவிடக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று பி டிஸ்க்கின் காப்பிக்கு, 4 டெராபைட்டோ அதற்கு மேலோ. ஒரு செக்டார்கூடக் குறையக் கூடாது. இன்னொன்று கடைசியில் போட்டோக்களை வெளியே எடுத்து வைக்க, 12 டெராபைட் இருந்தால் வசதி. ஏ, டி டிஸ்க்குகளுக்கும் காப்பி எடுக்கப் பணம் இடம் கொடுத்தால் எடுங்கள் என்பேன். அவையும் 2017-ல் ஒன்றாக வாங்கி ஒன்றாக ஓடியவை. பாதி ரீபில்ட் ஆன புது டிஸ்க்கைத்தான் காப்பிக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். கூடாது. அதில் முதல் 62 சதவீதத்துக்கு சி-யின் சரியான, இன்றைய நிலை கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கிறது. காப்பி எடுக்கும்போது பி டிஸ்க்கின் முற்பகுதியில் ஏதாவது கெட்டுப்போனால் அதைத் திரும்பக் கணக்கிட இந்த டிஸ்க் உதவும். அதற்கும் ‘புது சி, 62’ என்று எழுதி ஓரமாக வையுங்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுத்தையும் சீரியல் நம்பரையும் எழுதுங்கள். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். சீரியல் நம்பர் மாறாது. இந்த வேலையில் மனிதர்கள் செய்யும் பெரிய தவறு டிஸ்க் மாறிப்போவதுதான்.

ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியையும் எல்லா டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு, சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லைவ் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். அப்புறம் ஷட்டவுன் செய்து, ஒரு டிஸ்க்கை மட்டும் புது கேபிளில் இணைத்து மறுபடி பூட் செய்து, எம்டிஆடத்தின் ‘எக்ஸாமின்’ கட்டளையைக் கொடுங்கள். எழுதுவது எதுவும் அதில் இல்லை, படிப்பது மட்டும்தான். வருவதை முழுவதும் இன்னொரு பென்டிரைவில் ஃபைலாகச் சேமியுங்கள். ஐந்து டிஸ்க்குக்கும், ஒன்றொன்றாக. ஒரே நேரத்தில் ஒரு டிஸ்க் மட்டும் இணைத்திருந்தால் ரெய்டு தானாக எழுந்து ரீபில்டைத் தொடரும் அபாயமும் இல்லை. அந்த அறிக்கையில் ‘ஈவென்ட்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். ரெய்டில் ஏதாவது மாறும்போதெல்லாம் அது ஏறும். ஏ-யிலும் டி-யிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், பி-யில் கொஞ்சம் குறைந்திருக்கும். பழைய சி-யில் ரொம்பப் பின்தங்கியிருக்கும், இரண்டு மாதத்து எழுத்து அதில் இல்லை. பி-க்கும் ஏ-க்கும் நடுவே சில பத்துகள்தான் வித்தியாசம் என்றால் நல்ல செய்தி.

இப்போது காப்பி. கருவி டிடிரெஸ்க்யூ. குனு திட்டத்தில் அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது. டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ என்பது வேறொருவர் எழுதிய வேறு கருவி, குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரணக் காப்பி கட்டளை கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும், அல்லது அங்கேயே டிஸ்க்கை வதைக்கும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப்போய், நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதை மேப்ஃபைல் என்ற ஒரு சிறிய ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். அதை லைவ் சிஸ்டத்தின் நினைவகத்தில் வைக்காமல் பென்டிரைவில் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருந்தாலும் யுபிஎஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

கட்டளையில் மூலம் முதலில், இலக்கு இரண்டாவது, மேப்ஃபைல் மூன்றாவது. முதல் இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும். என்டர் அழுத்தும் முன் இரண்டு சீரியல் நம்பரையும் வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துச் சரிபாருங்கள். முதல் சுற்றில் சிறிய ‘என்’ விருப்பத்தைக் கொடுத்து கெட்ட இடங்களைச் சுரண்டாமல் ஓட்டுங்கள். அடுத்த சுற்றில் அதே மேப்ஃபைலோடு ‘டி’ விருப்பமும், மூன்று முறை மறுமுயற்சிக்கு ‘ஆர்3’-ம். விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் 4 டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம். யுஎஸ்பி 2 போர்ட்டில் போட்டால் ஒரு நாளைத் தாண்டிவிடும், ஆகவே நேராக சாட்டாவில் இணையுங்கள். டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஃபேன் காற்று படட்டும். பழைய டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த உடனே ஈரம் படியும்.

ஓடும்போது டக் டக்கென்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டாலோ, வேகம் கேபி கணக்கில் இறங்கி அங்கேயே நின்றாலோ, டிஸ்க் திடீரென்று காணாமல் போய்ப்போய் வந்தாலோ, உடனே பவரை நிறுத்துங்கள். அதற்கு மேல் கிளீன் ரூம் வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி லேபின் வேலை. கொடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா? டிஸ்க்கைத் திறக்க வேண்டி வந்தால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் திறப்பார்களா? பதில் தெளிவாக வராவிட்டால் வேறு லேப் பாருங்கள். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் அங்கே போக வேண்டி வராது என்று நினைக்கிறேன்.

காப்பி முடிந்ததும் உண்மையான பி டிஸ்க்கைக் கழற்றி உறையில் போடுங்கள். அதுவும் அதன் காப்பியும் ஒரே மெஷினில் ஒன்றாக இருக்கவே கூடாது. இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் ரெய்டு எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. இப்போது ஏ, பி-யின் காப்பி, டி ஆகிய மூன்றையும் இணைக்கிறோம். புது சி வேண்டாம், பழைய சி வேண்டாம். நான்கில் மூன்று போதும்.

நேரடியாக அசெம்பிள் செய்யாமல் (இருக்கும் டிஸ்க்குகளைக் கோத்து ரெய்டை எழுப்பாமல்) ஓவர்லே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். லினக்ஸின் டிவைஸ் மேப்பரில் ஸ்னாப்ஷாட் என்ற வசதி இருக்கிறது. படிப்பதெல்லாம் டிஸ்க்கிலிருந்து வரும், எழுதுவதெல்லாம் வேறு இடத்தில் இருக்கும் ஒரு ஃபைலுக்குப் போகும். ஓவியத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைவது போல. தப்பாகப் போனால் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம், ஓவியத்தில் கோடு விழாது. மூன்று டிஸ்க்குக்கும் இப்படி ஒவ்வொரு ஓவர்லே போட்டு, அந்த ஓவர்லேக்களை வைத்துத்தான் எம்டிஆடத்துக்கு ‘அசெம்பிள்’ கட்டளையை ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தோடு கொடுக்க வேண்டும். ஈவென்ட்ஸ் எண் கொஞ்சம் பின்தங்கிய பி-யையும் ஏற்றுக்கொள் என்பதுதான் ஃபோர்ஸின் பொருள். ரெய்டு எழுந்ததும் மவுண்ட் செய்வது படிக்க மட்டும். எக்ஸ்ட்4-க்கு ‘நோலோட்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலைத் தொடாது. எஃப்எஸ்சிகே ஓட்டியே ஆகவேண்டும் என்றால் ‘என்’ விருப்பத்தோடு, எதையும் மாற்றாமல் சொல்ல மட்டும் சொல்லும்படி.

ஃபோல்டர்கள் தெரிந்ததும் வேறு எதையும் ஆராய வேண்டாம். ஃபைல்களைக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் மூலம் பெரிய டிஸ்க்குக்கு இழுக்கத் தொடங்குங்கள். கொடுக்க வேண்டிய மூன்று கல்யாணம் முதலில், அப்புறம் இந்த ஆண்டு, அப்புறம் பின்னோக்கி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் தவறவிடுவது. பி-யில் படிக்க முடியாமல் போன இடங்கள் காப்பியில் வெறும் பூஜ்யமாக இருக்கும். ரெய்டுக்கு அது தெரியாது, எந்த எரரும் காட்டாது. ஃபைல் அழகாகக் காப்பி ஆகும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். அதுவும் சி இல்லாத நிலையில், சி-யில் இருந்ததை மற்ற மூன்றையும் வைத்துத்தான் ரெய்டு கணக்கிடுகிறது. அதனால் பி-யின் ஒரு ஓட்டை இரண்டு ஃபைலில் காயமாகத் தெரியலாம். ஆகவே மேப்ஃபைலை அழிக்காதீர்கள். ஓட்டைகள் எங்கே என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஜேபெக் ஃபைல்களை முழுசாகப் படித்துச் சரிபார்க்கும் ஜேபெக்இன்ஃபோ போன்ற கருவியை எல்லா ஃபோல்டரிலும் ஒருமுறை ஓட்டுங்கள். ரா ஃபைல்களை உங்கள் எடிட்டிங் மென்பொருளில் பிரிவியூ போட்டுப் பாருங்கள்.

ஓட்டையை அடைக்க ஒரு வழியும் இருக்கிறது. பழைய சி-யைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ரெய்டு 5-ல் நான்கு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளை எக்ஸார் (ஒன்றுகள் இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1 என்ற கணக்கு) செய்தால் பூஜ்யம் வரும். மூன்று தெரிந்தால் நான்காவதைக் கணக்கிடலாம். பி-யில் ஓட்டை விழுந்த இடத்தில் இரண்டு மாதமாக யாரும் எதுவும் எழுதவில்லை என்றால், அந்த இடத்தில் பழைய சி-யில் இருப்பது இன்றும் சரியே. ஏ, பழைய சி, டி மூன்றையும் எக்ஸார் செய்தால் பி-யின் காணாமல்போன 12 கேபி அப்படியே கிடைக்கும். பழைய கல்யாண ஃபோல்டர்கள் எழுதிய பிறகு மாறுவதில்லை என்பதால் உங்கள் விஷயத்தில் இது பலிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சின்ன பைத்தான் நிரல் போதும், நான் எழுதி அனுப்புகிறேன். பழைய சி-யை ரெய்டுக்குள் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மாதப் பழைய டைரக்டரிகளும் புதியவையும் கலந்து ஃபைல் சிஸ்டமே குழம்பிவிடும்.

இந்த நிலை ஏன் வந்தது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. உபுண்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு தாண்டியதும் ரெய்டு முழுவதையும் தானாகவே ஒருமுறை படித்துப் பார்க்கும். படிக்க முடியாத செக்டார் தென்பட்டால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு அங்கேயே திருப்பி எழுதும், டிஸ்க் மாற்றிடம் கொடுத்துவிடும், காரியம் முடிந்தது. நீங்கள் இரவில் சர்வரை அணைப்பதால் அந்தச் சோதனை அநேகமாக ஒருமுறைகூட ஓடியிருக்காது. பி-யின் அந்த மூன்று இடங்களும் யாரும் திறக்காத ஏதோ ஒரு பழைய ஃபோல்டரில் எப்போதோ கெட்டுப்போய், ரீபில்ட் வந்து தொடும் வரை அப்படியே கிடந்திருக்கின்றன. அதே போல, டிஸ்க் வெளியே போனதும் எம்டிஆடம் மெயில் அனுப்பத்தான் செய்யும். ஆனால் அது போவது ரூட் என்ற நிர்வாகி பெயருக்கு. மெயில் வெளியே செல்ல வழி அமைக்காத மெஷினில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்த சர்வரைக் கட்டும்போது ரெய்டு 5 வேண்டாம். ரீபில்டின்போது மூன்று டிஸ்க், 12 டெராபைட், ஒரு பிழையில்லாமல் படித்தாக வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் உறுதியே 10¹⁴ பிட்டுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு பிழைக்கு மேல் வராது என்பதுதான். நடப்பில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் பிழைப்பை இதன் மேல் வைக்க முடியாது. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள், நாஸ் வகை டிஸ்க் வாங்குங்கள், தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு, ஆம் என்றால் தவிர்த்துவிடுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்கையே ஓட்ட வேண்டி வந்தால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மூலம் எஸ்சிடி-ஈஆர்சி நேரத்தை, அதாவது டிஸ்க் கெட்ட இடத்தோடு போராடும் நேர வரம்பை, 7 விநாடிக்கு வையுங்கள். டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கெர்னலின் 30 விநாடியை 180 ஆக்குங்கள். இரண்டுமே பூட் ஆகும்போதெல்லாம் திரும்பக் கொடுக்க வேண்டியவை. மாதச் சோதனையைக் கடை திறந்திருக்கும் பகல் நேரத்துக்கு மாற்றுங்கள். மெயில் உங்கள் போனுக்கு வரும்படி அமைத்து, ஒரு சோதனை மெயில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு டிஸ்க் தள்ளாட ஆரம்பித்தால் அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுவதற்குப் பதில், புதியதையும் கூடவே இணைத்து எம்டிஆடத்தின் ‘ரீப்ளேஸ்’ கட்டளையைக் கொடுங்கள். பழையது உள்ளே இருக்கும்போதே அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளும், படிக்க முடியாத இடத்துக்கு மட்டும் மற்றவற்றின் உதவியைக் கேட்கும்.

ரெய்டு எதுவானாலும் பேக்கப்புக்கு அது ஈடாகாது. தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அந்த அழிப்பையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறையைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க போட்டோகிராபர், உங்கள் தொழில்காரர்தான். இப்போது வாங்கப்போகும் பெரிய டிஸ்க்கே உங்கள் முதல் பேக்கப் ஆகட்டும். வேலை முடிந்தபின் அதை வீட்டில் வையுங்கள், கடையில் வேண்டாம். பழைய சி-யும் நீண்ட சுயசோதனையில் தேறினால் ஒரு பேக்கப் டிஸ்க்காக ஓடும். பி மட்டும் எதற்கும் வேண்டாம்.

ஐந்து டிஸ்க்கின் எக்ஸாமின் அறிக்கைகளையும் டிடிரெஸ்க்யூவின் மேப்ஃபைலையும் எனக்கு அனுப்புங்கள். ஓவர்லேக்கும் அசெம்பிளுக்கும் உங்கள் சீரியல் நம்பர்களைப் போட்டே கட்டளைகளை எழுதித் தருகிறேன். அது வரும்வரை ஃபோர்ஸ் கொடுக்காதீர்கள்.